மருதையின் நம்பர்

மருதை இறந்த பிறகும் அவருடைய செல்போனுக்கு அனுசுயா தினமும் சார்ஜ் போட்டு வந்தாள். காலையில் பால் காய்ச்சுவது போல அதுவும் ஒரு வேலை. ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிந்தால் அவளுக்குப் பதறியது.

போன் சும்மா கிடக்கவில்லை. மருதை போர்வெல் மோட்டார் மெக்கானிக். முசிறியிலிருந்து வையம்பட்டி வரைக்கும் எந்தத் தோட்டத்தில் மோட்டார் கருகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "மருதை அண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்பார்கள். "இல்லைங்க, தவறிட்டாரு" என்பாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வாய்க்கால் ஓடும் சத்தமோ ஆடு கத்தும் சத்தமோ மட்டும் கேட்கும். பிறகு யாராக இருந்தாலும் ஒரு நல்ல வார்த்தை சொல்வார்கள். "ராசியான கைம்மா அவரு கை." அந்த வார்த்தைக்காகத்தான் சார்ஜ் போடுகிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டுப் பக்கம் மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவே அடங்கிவிடும். கொள்ளிடத்திலிருந்து வரும் காற்றும் அந்த நேரத்தில் நின்றுவிடும். அப்படி ஒரு மதியத்தில்தான் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

"வணக்கம்மா. சாப்டீங்களா?"

"யாருங்க?"

"என் பேரு பானுமதி. ஃபைனான்ஸ் கம்பெனியிலேருந்து பேசுறேன். மருதை சார் வீட்டு அம்மா அனுசுயாதானே? சார் காலமானது தெரியும்மா. எனக்கே மனசு கஷ்டமா போச்சு."

மென்மையான குரல். கோயிலில் பக்கத்தில் நின்று பூ வாங்கித் தரும் பெண்ணின் குரல் போல இருந்தது. மருதை கடன் வாங்கியிருந்தார், தவணை நின்றுபோயிருக்கிறது என்று அது சொன்னது. அனுசுயாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அவரு யார்கிட்டயும் கை நீட்டுற ஆளு இல்லைங்க. டீக்கடையில கூடப் பாக்கி வெக்க மாட்டாரு. நீங்க வேற யாரையோ தேடுறீங்க."

"எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா சொல்றாங்க." அந்தப் பெண்ணும் சிரித்தாள். "ஜாமீன் கையெழுத்து யாருதுன்னு சொன்னா உங்களுக்கே புரிஞ்சிரும். உங்க மக இளவேனில்."

"எனக்குப் பிள்ளையே இல்லைங்களே."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இன்னும் தாழ்ந்து வந்தது.

"அப்படீங்களாம்மா. அப்ப நான் இந்தப் பேச்சை எடுத்திருக்கவே கூடாது. மன்னிச்சிருங்க. சார் உங்ககிட்ட சொல்லலை போலிருக்கு."

போன் அணைந்தது.

அனுசுயா அதைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். பொய் என்று தள்ளிவிட ஒரு நொடி போதும். தள்ளியிருப்பாள். ஆனால் மருதையைக் கிடத்தியிருந்த அன்று நடந்த ஒன்று அவளைத் தடுத்தது. தலைமாட்டில் அவள் உட்கார்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் மாலையோடு குனிந்து, "மக வரலையாம்மா?" என்று கேட்டார். அழுகையில் காது ஏதோ சொல்கிறது என்று அவள் நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் பிடிக்கப்போகிறதோ என்று பயந்து அதை அப்படியே உள்ளே அழுத்திவைத்திருந்தாள்.

அந்தக் கேள்வி இப்போது எழுந்து வந்து எதிரே நின்றது.

மருதை வையம்பட்டிப் பக்கம் போனால் ராத்தங்கிவிடுவார். கடைசி பஸ் போயிருக்கும், மோட்டாரை இறக்கிப் பார்க்காமல் வர முடியாது என்பார். திரும்பும்போது மணப்பாறை முறுக்குப் பொட்டலம் கொண்டுவருவார். பொட்டலம் எப்போதும் பிரிந்தே இருக்கும். "பஸ்ல பசிச்சுதா?" என்று கேட்டால் சிரிப்பார். எத்தனையோ வருடமாக அந்தச் சிரிப்பை அவள் பசியென்று படித்திருந்தாள். வேறு விதமாகவும் படிக்கலாம் என்று தெரிந்ததும் அந்தப் பொட்டலத்துக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது. வளையல் போட்ட கை.

ஒன்று புரண்டதும் எல்லாம் புரண்டன. பிள்ளை இல்லை என்று அவர் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை. டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய நாட்களில், "விடு அனு, நமக்கு நாமதான்" என்பார். பெரிய மனசு என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். பிள்ளை இருப்பவனுக்கு அந்த மனசு சுலபமாக வரும். அலமாரியைத் திறந்து அவருடைய சட்டை ஒன்றை எடுத்து முகர்ந்தாள். வார்னிஷ் வாசனை அப்படியே இருந்தது. மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றுபவனின் வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி மறுபடி தேடினாள். தேடுகிறோம் என்பதே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சட்டையை மடித்து உள்ளே வைக்க வெகு நேரமாயிற்று.

மறுநாள் மதியம் போன் அடிக்கும் முன்பே அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் பானுமதி. நேத்து நீங்க சரியா சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

சாப்பிட்டிருக்கவில்லை. இவளுக்கு எப்படித் தெரியும் என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு எங்க இருக்கு? வையம்பட்டியா?"

"ஆமாம்மா. வையம்பட்டிதான்."

"இருவது வயசு இருக்குமா?"

"அவ்வளவுதாம்மா இருக்கும். கல்யாணம் ஆயிருச்சு."

"அதோட அம்மா?"

"அவங்களைப் பத்தி மட்டும் கேக்காதீங்கம்மா. நீங்க தாங்க மாட்டீங்க."

பிறகு அந்த மென்மையான குரல் மற்றதைச் சொன்னது. பணம் கட்டாவிட்டால் ஆட்கள் இளவேனிலின் மாமியார் வீட்டுக்குப் போவார்கள். வாசலில் நின்று கத்துவார்கள். அப்பன் யார், எப்படிப்பட்டவன் என்று தெருவுக்கே சொல்வார்கள். "எங்க கம்பெனி ஆளுங்களைப் பத்தி நானே சொல்லக் கூடாது. ஆனா அவங்க நல்லவங்க இல்லம்மா. நீங்க மனசு வெச்சா அந்தப் பொண்ணு தப்பிச்சிரும். போன்லயே அனுப்பலாம். தெரியலைன்னா ஏதாவது கடையில கேளுங்க, அனுப்பித் தருவாங்க. எதுக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. சாரோட தம்பிகிட்டயும் சொல்ல வேணாம். போன மனுஷன் பேரு கெட்டுப்போகும்."

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகையை அடக்குகிற சத்தம்.

அன்று முழுக்க அனுசுயா அந்தப் பெண்ணை வெறுத்தாள். முகம் தெரியாததால் தெருவில் போகிற பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டி வெறுத்தாள். மருதையின் பட்டையான நெற்றி அந்த முகத்தில் இருக்குமா? இடது காதைத் தடவிக்கொண்டே யோசிக்கும் பழக்கம் இருக்குமா? அப்படிக் கேட்டுக்கொண்டே போனதில் முகம் உருவாகிவிட்டது. உருவான பிறகு வெறுக்க முடியவில்லை. அந்த வாசலில் ஆட்கள் நின்று கத்துவதை நினைத்தபோது எழுந்து போய்த் தன் வாசல் கதவைத் தாழிட்டாள்.

மறுநாள் காலை உலை வைக்கும்போது, அரிசி ஒரு பிடி கூடுதலாக விழுந்திருந்ததைப் பார்த்தாள். திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

தாலியைக் கழற்றிய பிறகு மிஞ்சியிருந்த சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் ஏறினாள். பெரியகடை வீதியில் அடகு வைக்கலாம். மருதை வாங்கித் தந்த சங்கிலி மருதையின் மகளுக்குப் போகட்டும். அவர் அவளிடம் மறைத்ததை அவள் ஊரிடம் மறைத்துவிடுவாள். அத்தோடு எல்லாம் தீர்ந்துபோகும். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையும் தீர்ந்துபோகும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இனி எந்த நாளை எடுத்துப் பார்த்தாலும் அதில் அவர் பாதிதான் இருப்பார்.

மாம்பழச்சாலை சிக்னலில் பஸ் நின்றது. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தபோது மருதை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டர். வெயிலில் சிவப்பெல்லாம் போய் முகம் நீலமாகியிருந்தது. கன்னத்தின் பாதியை ஏதோ மாடு தின்றிருந்தது. ஆனால் கண்கள் அப்படியே இருந்தன. அவள் அந்தப் போஸ்டரை இதுவரை பார்த்ததே இல்லை. கணவன் செத்த வீட்டில் போஸ்டர் அடிப்பது ஆண்களின் வேலை. அவர் தம்பி ராமர்தான் ஓடினார். காரியம் முடியும்வரை அவள் வாசற்படி தாண்டவில்லை. தாண்டியபோது அவர்கள் தெருவில் ஒட்டியிருந்தவற்றின் மேல் வேறு யாருடைய சாவோ, யாருடைய காதுகுத்தோ ஒட்டப்பட்டுவிட்டது. ஊரே படித்ததை அவள் மட்டும் படிக்கவில்லை.

எழுந்து படிக்கட்டுக்கு வந்தாள்.

"சத்திரம்னு சொல்லிட்டு இங்க இறங்குறீங்க?" என்றார் கண்டக்டர். "ஃப்ரீ பஸ்ஸுன்னா ஏறி ஏறி இறங்குவீங்களாம்மா?"

இறங்கிச் சுவருக்கு அருகே போனாள். சாக்கடை நாற்றம். முகத்துக்குக் கீழே எழுத்துக்கள் தெளிவாகவே இருந்தன.

மனைவி: அனுசுயா. மகள்: இளவேனில். தம்பி: ராமர்.

அதற்குக் கீழே மருதையின் செல் நம்பர்.

சுவரில் கை ஊன்றிக்கொண்டாள். வெயிலில் சுவர் கொதித்தது. ராமருக்குத் தெரிந்திருக்கிறது. மாலை போட வந்த பெரியவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்தப் பக்கம் போன ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோரம் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தன் பெயருக்கு அடுத்த வரியில், தன் வயிற்றில் பிறந்தவள் போல அவள் நின்றிருக்கிறாள், வெயிலிலும் மழையிலும்.

யாரிடமும் சொல்லாதே என்ற குரல் காதில் இருந்தது. ஆனால் சுவரே சொல்லிக்கொண்டிருக்கும்போது மறைக்க என்ன மிச்சம்? ராமரைக் கூப்பிட்டாள். அவர் திருவானைக்காவலில் லோடு ஆட்டோ ஓட்டுபவர். பின்னால் மூட்டை விழும் சத்தம் கேட்டது.

"என்ன அண்ணி?"

"இளவேனில் யாரு?"

மூட்டைச் சத்தம் தூரமானது; அவர் தள்ளி வந்திருந்தார்.

"எங்க பாத்தீங்க? எல்லாத்தையும் கிழிக்கச் சொன்னேனே."

"யாருன்னு கேக்குறேன். உங்க அண்ணனுக்கு எங்க பொறந்தவ அவ?"

"ஐயோ அண்ணி! என்ன பேச்சு பேசுறீங்க?" ராமர் கத்தினார். பிறகு குரல் உடைந்தது. "பிரிண்ட் கடைக்காரன் பண்ண வேலை அண்ணி. காலையில வேற யாருக்கோ அடிச்ச போஸ்டரை எடுத்து, போட்டோவையும் பேரையும் மாத்துனான். அதுல இருந்த மக பேரை எடுக்க மறந்துட்டான். நானும் அழுத கண்ணோட சரியாப் பாக்கலை. ஒட்டி முடிச்ச பெறகுதான் தெரிஞ்சுது. பாத்தவங்க எல்லாம் மக வந்தாச்சா, மக வந்தாச்சான்னு கேக்குறாங்க. செத்து நாறிப்போனேன் நான்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படி அண்ணி சொல்றது? உங்களுக்குப் போயி, அந்த நேரத்துல, மகள்னு ஒரு பேரு..."

சுவரோரமாக அப்படியே உட்கார்ந்தாள். ராமர் பேசிக்கொண்டேயிருந்தார். யார் கூப்பிட்டது, என்ன கேட்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். "நெசமான கம்பெனின்னா கடுதாசி வரும் அண்ணி, நோட்டீஸ் வரும். யார்கிட்டயும் சொல்லாதன்னா அப்பவே ஃப்ராடுன்னு தெரிய வேணாமா? இனிமே எடுக்காதீங்க. நான் பொழுது சாய வரேன்."

அவள் போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் பானுமதிக்குத் தெரிந்திருந்ததெல்லாம் இந்தச் சுவரில் இருந்தது. அவர் பெயர், அவள் பெயர், மகள் பெயர், நம்பர். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வையம்பட்டியைக் கொடுத்தது அனுசுயாதான். இருபது வயதைக் கொடுத்தது அவள். எனக்குப் பிள்ளையில்லை என்று கதவைத் திறந்துவிட்டதும் அவளேதான். சாப்பிடாததும் அப்படித்தான். செத்த வீட்டில் யார்தான் சரியாகச் சாப்பிடுவார்கள்? பானுமதி ஒரு பெயரை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு வெளியே காத்திருந்தாள். மருதையின் முப்பது வருடத்தை அனுசுயா தன் கையாலேயே கிழித்து அந்தப் பெயருக்குத் தின்னக் கொடுத்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்க" என்றாள் போஸ்டரைப் பார்த்து. பாதி முகம் பார்த்துக்கொண்டே இருந்தது.

சங்கிலியோடு வீட்டுக்குத் திரும்பினாள். மதியம் போன் அடித்தது. ராமர் எடுக்காதே என்று சொல்லியிருந்தார். எடுத்தாள்.

"அம்மா, ரெடி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டிருக்கேன். அவளுக்கு நெத்தியில ஒரு தழும்பு இருக்குமாமே?"

"ஆமாம்மா, இருக்கு. பாவம்."

"வையம்பட்டி இல்ல, முசிறின்னு கேள்விப்பட்டேன்."

"இப்ப முசிறிக்குத்தாம்மா வந்திருக்காங்க."

அவ்வளவுதான். இனி வைத்துவிடலாம். ஆனால் பானுமதி சொன்னாள், "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு அழுவுது. இந்தாங்க."

போன் கை மாறும் சத்தம். மூச்சு. பிறகு ஒரு இளம் குரல்.

"அம்மா."

அனுசுயாவுக்கு எல்லாம் தெரியும். பேப்பரில் இருக்கும் பெயர், பிரிண்ட் கடைக்காரனின் தவறு, கூலிக்குப் பேசும் யாரோ ஒரு பெண். எல்லாம் தெரிந்தும் அந்தச் சொல் வேறு வழியாக உள்ளே இறங்கியது. அறிவு நின்றிருந்த வாசல் வழியாக அது வரவே இல்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் தடுமாற்றம். இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"இன்னும் இல்லம்மா."

அந்த மூன்று நாளில் அந்தப் போனில் வந்த ஒரே உண்மை அதுதான் என்று அனுசுயாவுக்குத் தோன்றியது.

"நீ எந்த ஊரு? உன்னைப் பெத்தவங்க எங்க இருக்காங்க? நீ அங்க இருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

 போன் பிடுங்கப்பட்டது.

"அம்மா, பணம் எப்ப வரும்?" பானுமதியின் குரல் முதல் முறையாகத் தட்டையாக இருந்தது.

"எழுத்துல அனுப்புங்க. கம்பெனி பேரு, அட்ரஸ், கையெழுத்து, எல்லாம். இளவேனில் எங்க வீட்ல இல்லை. மாம்பழச்சாலை சுவத்துல இருக்கா."

மின்விசிறி சுற்றும் சத்தம். கோபம் வரும், மிரட்டல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"பாத்துட்டீங்களாம்மா?" என்றாள் பானுமதி. ஒளிந்து விளையாடும்போது கண்டுபிடிக்கப்பட்டவள் எழுந்து வருவது போல, களைப்பாக. பிறகு போன் அணைந்தது.

பொழுது சாய ராமர் வந்து, மோசடிப் புகாருக்கான போலீஸ் எண் 1930-க்குப் போன் போட்டுக் கொடுத்தார். அனுசுயா தானே பேசினாள். அந்தப் பெண் சாப்பிடவில்லை என்பதையும் சொன்னாள். எதிர்முனையில் இருந்தவர் அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. தெரியாத நம்பரை எடுக்க வேண்டாம், வேறு நம்பரிலிருந்தும் வருவார்கள் என்றார்.

"சிம்மை எடுத்துருவோமா அண்ணி?" என்று ராமர் கேட்டார்.

"வேணாம். தோட்டக்காரங்க கூப்பிடுவாங்க."

"அதெல்லாம் தெரியாத நம்பர்தானே?"

"எல்லா நம்பரும் தெரியாத நம்பர்தான் தம்பி. கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்."

சில நாள் போன் அடிக்கவில்லை. பிறகு ஒரு மதியம் அடித்தது. புதிய நம்பர். எடுத்ததும் அவள் எதுவும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் முதலில் எதையும் கொடுப்பதில்லை.

"மருதை அண்ணன் வீடுங்களா? நான் வையம்பட்டி ஹனீஃபா பேசுறேன். காந்தி மார்க்கெட்டுக்குக் கத்திரிக்கா கொண்டாந்தப்ப அங்க ஒரு சுவத்துல போஸ்டரைப் பாத்தேன். மனசே ஆறலைம்மா."

வையம்பட்டி. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு உங்க வீட்ல டீ குடிப்பாரா?"

"டீயா?" ஹனீஃபா குழம்பினார். "சுக்குத் தண்ணியில்ல கேப்பாரு. வெல்லம் போடாம. எங்க வீட்ல திட்டிக்கிட்டே வெச்சுக் குடுக்கும்."

சரிதான். எந்தச் சுவரிலும் எழுதாத விஷயம். 

"மணப்பாறையில முறுக்கு வாங்கி வெச்சிருப்பாரு பாருங்க, அதைக் கிளம்புறப்ப பிரிச்சிருவாரு," என்று ஹனீஃபா தொடர்ந்தார். "மோட்டார் கொட்டாயில எங்க நாய் ஒண்ணு கெடக்கும். அதுக்கு ரெண்டு போடாம போக மாட்டாரு. வீட்ல கேட்டா என்ன சொல்வீங்கன்னு நான் கேலி பண்ணுவேன். சிரிப்பாரு. அந்த நாய் இன்னமும் பஸ் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்குதும்மா."

அனுசுயா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பொட்டலத்துக்குள்ளிருந்து அந்தச் சின்னக் கை மெல்ல வெளியேறியது. மருதை முழுதாகத் திரும்பி வந்து, வார்னிஷ் வாசனையோடு, அறைக்குள் உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன்" என்றார் ஹனீஃபா. "நீங்க தைரியமா இருங்க. மக இருக்குல்ல. எப்படி இருக்கும்மா மக?"

எனக்கு மகள் இல்லை, அது பிரிண்ட் கடைக்காரன் செய்த தவறு. சொல்ல வேண்டியது நாக்கின் நுனியில் இருந்தது. வாயைத் திறந்தாள்.

"உள்ளே தூங்குறா" என்றாள்.

அதன் பிறகு ஹனீஃபா பேசி முடிக்கும்வரை, அவள் குரலைத் தாழ்த்தியே பதில் சொன்னாள்.